கம்பி திரும்பும் இடம்

பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கிப்போன பதினோரு வயதுப் பெண்ணுக்குப் பரிசு கிடைக்க வேண்டுமா, அடி கிடைக்க வேண்டுமா? எனக்குப் பரிசு கிடைத்தது. அது சரிதானா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அப்போது ஆனையூரில் இருந்தோம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஈர்க்குச்சிகளை ஒட்டி மூன்று மின்கோபுரங்கள் செய்திருந்தேன். தையல் நூல்தான் கம்பி. அதைத் தாங்கும் பீங்கான் வட்டுகளுக்குச் சட்டைப் பொத்தான்கள். அட்டையில் இடம் போதாமல் நடுக் கோபுரத்தில் கம்பியைத் திருப்பினேன். நூலை இழுத்துக் கட்டியதும் அது உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தினேன், மறுபடியும் விழுந்தது.

"டவரா இது? கோழிக்கூடு தேவல" என்றான் அண்ணன்.

கண்காட்சிக்கு முதல் நாள், அலங்காநல்லூரில் அத்தை வீட்டு விசேஷத்துக்கு அப்பாவும் நானும் கிளம்பினோம். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வயல்களில் கோபுரங்கள் ஒல்லி ஒல்லியாக வரிசையில் வந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் கம்பி திரும்பியது. அங்கே இருந்த கோபுரம் மட்டும் பருத்து, கால்களை அகட்டி நின்றது. அடுத்த நிறுத்தத்தில் முன்படியால் இறங்கிவிட்டேன். கூட்டத்தில் அப்பாவுக்குத் தெரியவில்லை.

வரப்பில் ஓடினேன். கோபுரத்தின் கால்களுக்கு இடையே எத்தனை எட்டு என்று நடந்து அளந்தேன். மற்றவற்றில் தொங்கும் வட்டுகள் இதில் கம்பியோடு படுத்திருந்தன.

களையெடுத்துக்கொண்டிருந்த பெண், "ஏத்தா, கரண்டுக் கம்பிக்கடியில ஒனக்கு என்ன சோலி?" என்றாள்.

"அளக்குறேன்."

"பட்டா ஒம்பேர்லயா இருக்கு?"

ஒரு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு நிறுத்தமாக விசாரித்தபடி, யாரோ ஒருவரின் பைக்கில் அப்பா வந்து சேர்ந்தார். "எம்புட்டு நேரமாத் தேடுறேன்..." என்றபடி என்னை இழுத்துப் பைக்கில் ஏற்றினார்.

அன்று மாலை வீடு திரும்பியதுமே நடுக் கோபுரத்தை அகலக் கால்களோடு புதிதாகச் செய்தேன். மறுநாள் நடுவராக வந்த இன்ஜினியர் நூலைச் சுண்டினார். பிறகு பிடித்து இழுத்தார். அட்டையே நகர்ந்தது, கோபுரம் சாயவில்லை.

"இது மட்டும் ஏன் இப்படி?"

"திரும்புற இடத்துல ரெண்டு பக்கக் கம்பியும் சேந்து உள்ள இழுக்கும் சார்."

முதல் பரிசு! கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "எந்தங்கச்சி, எந்தங்கச்சி" என்று பள்ளியைச் சுற்றி வந்தவன் அண்ணன்தான்.

வீடு திரும்பும்போது, கண்காட்சிக்கு வந்திருந்த அப்பா பஸ்ஸில் பின்னால் போகவில்லை. பெண்கள் முறைத்தும் என் இருக்கையை ஒட்டியே நின்று, என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். ஜெயித்த பெண்ணை இப்படியா பிடிப்பார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது என் எட்டு வயது மகள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகவா என்று தினமும் கேட்கிறாள். 'சரி' என்று வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. உங்கள் பிள்ளைகளை எந்த வயதில் விட்டீர்கள்? விட்டபின் வாசலில் நின்றீர்களா, தெரியாமல் பின்னாலேயே போனீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.