கட்டைப்பை அக்காவுக்கு மகனாக நடித்தேன்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆறு வாரம் நான் ஒரு பையனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை.

அம்மா அப்போது அம்பத்தூரில், வீடில்லாத பெண்கள் தங்கும் ஒரு காப்பகத்தில் வாரம் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் என்ன செய்வது, பயம் வந்தால் என்ன செய்வது, அழுகை நிற்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித்தரும் வகுப்பு. திங்கட்கிழமை காலையில் என் சாக்ஸ் ஒன்று காணாமல் போனால், பட்டாபிராமில் எங்கள் வீட்டிலிருந்து அம்மா போடும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். அது வேறு விஷயம். அப்பாவுக்கு ஞாயிறும் வேலை என்பதால் என்னையும் ரயிலில் இழுத்துக்கொண்டு போவாள்.

முதல் நாள் ஒரு அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். "கண்ண மூடிக்கோங்க. உங்க வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச மூலையில உக்காந்திருக்கிறதா நெனச்சுக்கோங்க" என்றாள். ஒருத்தி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "எந்த ஊட்ட டீச்சர்?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தாளை மடித்துப் பைக்குள் வைத்தவள், அதன்பிறகு அதை எடுக்கவேயில்லை.

அடுத்த வாரம் வேறொன்று சொல்லித்தந்தாள். இடது கையை விரித்துக்கொள்ள வேண்டும். வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு விரலாக ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சை இழுப்பது, இறங்கும்போது விடுவது. அந்தப் பெண்கள் அதற்கு 'பாலம் ஏறுறது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டேஷன் நடைபாலத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள். ஐந்து விரலும் ஐந்து பாலம்.

அவர்களில் ஒருத்திதான் கட்டைப்பை அக்கா. துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றை மடியைவிட்டு இறக்கவே மாட்டாள். குளிக்கப் போனாலும் கொக்கியில் மாட்டிக்கொண்டுதான் குளிப்பாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளுடைய மகன் என் வயதுப் பையன், பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் இருந்தான். போன தடவை பார்க்கப் போனபோது இவள் அழுது கத்தியதில் பையன் பயந்து வார்டனுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டானாம். ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க விடுவார்கள். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால் அவன் தன்னிடம் வரவே மாட்டான் என்று அவளுக்குப் பயம்.

"ஒத்திகை பாத்துடலாம்" என்றாள் அம்மா. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நீதான் அவங்க பையன். கோவமா இருக்க" என்றாள்.

முதல் வாரம் நான் சிரித்துவிட்டேன். பிறகு தேறினேன். முறைத்தேன், முகத்தைத் திருப்பினேன். அக்கா ஒவ்வொரு வாரமும் மூன்றாவது பாலத்திலேயே உடைந்துபோவாள்.

ஆறாவது வாரம் நான் நிஜமாகவே கோபமாக இருந்தேன். இரண்டு நாள் முன்னால் பள்ளி ஆண்டுவிழா. நான் மயில். என் நடனம் முடிந்து தோகையைக் கழற்றிய பிறகுதான் அம்மா வந்தாள். காப்பகத்தில் யாருக்கோ ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாளாம். அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் வசனம் தானாக வந்தது.

"நீ ஏன் வரல? நான் வாசலையே பாத்துட்டிருந்தேன். எல்லாருக்கும் அம்மா வந்தாங்க. இனிமே நீ வர வேணாம். எனக்கு அம்மாவே வேணாம்."

அக்கா கட்டைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். கையை விரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நின்றாள். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு நான்கும் ஐந்தும் ஏறி இறங்கினாள்.

"வராதது தப்புதான் கண்ணு" என்றாள். "சாப்ட்டியா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தேன். அம்மா மட்டும் தட்டவில்லை. ஜன்னலோரம் திரும்பி நின்று விரல்மேல் விரலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சரியாக ஐந்தும் செய்தாளா என்று எண்ணிப் பார்க்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் ஓடினேன். "பையன் என்ன சொன்னான்?"

"ஒண்ணியும் சொல்லல கண்ணு. நீ சொன்ன மாரி எதுனா சொல்லுவான்னு நானும் ரெடியா குந்திகினு கீறேன். அவன் வந்து மடியில தலய வெச்சிகினான். அதுக்கு இன்னா பண்றதுன்னு உங்கம்மா சொல்லித் தர்லியே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். அம்மாவும் அழுதாள். யாரும் பாலம் ஏறவில்லை.

அந்தக் கடைசி ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அண்ணனூர் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வராதது தப்புதான் கண்ணு. சாப்டுறியா ஏதாவது?" என்று கேட்டாள். காப்பகத்தில் இருவரும் சேர்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா இன்னும் ஒத்திகையை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நன்றாக நடிக்க வேண்டுமே என்று கையை உருவிக்கொண்டேன். பட்டாபிராம் வரும்வரை அந்தப் பையனாகவே இருந்து, அம்மா பக்கம் திரும்பாமல் வந்தேன்.