நாலு டிஸ்க்கு, நாலு பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் உடைந்து கிடந்த பூசணிக்காயைத் தாண்டி உள்ளே போனேன். என் பையில், பஞ்சு வைத்த ஒரு டப்பாவுக்குள், ரெய்டு கன்ட்ரோலர் கார்டு ஒன்று இருந்தது. அரை மணி நேர வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அந்தப் பட்டறையில் மூடிகளுக்கு அச்சு செய்கிறார்கள். தயிர் டப்பா மூடி, ஊறுகாய் பாட்டில் மூடி, இருமல் மருந்து மூடி. மூடியை அல்ல, மூடியை வார்க்கும் இரும்பு அச்சை. உலகத்தில் இத்தனை மூடி இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். பன்னிரண்டு வருடமாகச் செய்த ஒவ்வொரு அச்சின் வரைபடமும் மூலையில் இருந்த ஒரு சர்வரில் இருந்தது. அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டேன் என்பதைவிட, அது என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தது என்று சொல்வதுதான் சரி.

திங்கட்கிழமை அதற்குள் இருந்த பழைய கார்டு செத்துப்போனது. நாலு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி வேலை வாங்குவது அந்தக் கார்டுதான். ஒரு வரைபடத்தைக் கொடுத்தால் துண்டு துண்டாக்கி நாலுக்கும் பங்கு போட்டு வைக்கும். கேட்டால் சேர்த்துக் கொடுக்கும். கார்டு போனால் டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எந்தத் துண்டு எதற்குப் பின்னால் வரும் என்று சொல்ல ஆள் இருக்காது. அதே கார்டு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. வேறு கம்பெனி கார்டு வாங்கினால், முதல் டிஸ்க் இது, இரண்டாவது இது என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதனால் டிஸ்க்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஒன்று முதல் நாலு வரை எழுதி, ஜன்னல் பக்கத்திலிருந்து வரிசையாக மேஜைமேல் வைத்தேன். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

யாரிடம் சொன்னேன் என்றால், கணக்குப் பார்க்கும் அக்காவிடம். கொரட்டூரிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். பெயருக்குத்தான் கணக்கு, சாமி படத்துக்குப் பூ வாங்குவதிலிருந்து சாயங்காலம் கேட்டைப் பூட்டுவது வரை அவர்தான். "தொட மாட்டோம் சார்" என்றார். எனக்குத் தோன்றாமல் போனது, மறுநாள் ஆயுத பூஜை என்பது.

வெள்ளிக்கிழமை மேஜையில் நாலு டிஸ்க்கும் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை.

"ஸ்டிக்கர் எங்கக்கா?"

"கிழிச்சிட்டேன் சார். அதுமேல பொட்டு நிக்கல. அந்தப் பசை வேற அசிங்கமா இருந்துது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சேன்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"தொடல சார். பூஜைதான் பண்ணேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. நாலு டிஸ்க்கை இருபத்துநாலு விதமாக வரிசைப்படுத்தலாம், அதில் ஒன்றுதான் சரி, தப்பான வரிசையில் மாட்டினால் சர்வர் தானே பழுதுபார்க்கக் கிளம்பி இருப்பதையும் அழித்துவிடும் என்று, பட்டறையே கேட்கிற மாதிரி அவருக்கு விளக்கினேன். அவர் கையில் ஈரத்துணியோடு நின்று கேட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். திருமுல்லைவாயில்காரர், ஊரில் இருந்த நிலத்தை விற்று இந்தப் பட்டறையைப் போட்டவர். என் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு தயிர் மூடிக்காரங்க வராங்க நைனா. அச்சு ஒடஞ்சி போயி லாரில ஏத்திகினு வராங்க. டிராயிங் இல்லாம நான் இன்னாத்த பார்த்து ரிப்பேர் பண்றது?"

"கவலைப்படாதீங்க அண்ணே, பேக்கப் இருக்கு" என்றேன். அதை நான் கம்பீரமாகவே சொன்னேன். சர்வருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பேக்கப் டிஸ்க் இருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் சாமி படத்தின் சீரியல் லைட் மாட்டப்பட்டு, சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. கடைசியாக நகல் எடுத்தது சித்திரை மாதம்.

"இதை யார் பிடுங்கினது?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இன்னா வேலை பண்ணி வெச்சிக்கீற? ஸ்டிக்கரும் நீ, பிளக்கும் நீ. ரெண்டு மணிக்குள்ள டிராயிங் வரல, நாளைலேர்ந்து நீ வேலைக்கே வராத." அக்கா போனைக் கையில் எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அப்போது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

சரி, முதலில் கார்டையாவது மாட்டுவோம் என்று பையைத் திறந்தேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துகினு கீது. இன்னும் எட்டு நிமிஷம். அதுக்குள்ள முட்ச்சிடுவியா?"

"எட்டு நிமிஷத்துல எப்படிண்ணே?"

"அப்போ ஒரு ஸ்க்ரூவாச்சும் போட்டுடு. போட்டா ஆரம்பிச்ச மாதிரி. ஆரம்பிச்ச வேலைய ராகு காலம் ஒண்ணும் பண்ணாது."

பதினெட்டு வருடத்தில் நான் எத்தனையோ சர்வரைத் திறந்திருக்கிறேன், ஒரு ஸ்க்ரூவுக்காக இப்படி ஓடியதில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் கார்டைக் கொல்லாமல் இருக்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். முதலாளி, நான் கும்பிட்டுக்கொண்டதாக நினைத்து அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார்டைக் காலியான பள்ளத்தில் வைத்து இரு விரலால் சமமாக அழுத்தினேன். பத்து இருபத்தொன்பதுக்கு ஸ்க்ரூ இறங்கியது. முதலாளி பெருமூச்சு விட்டார்.

"ஆனா சுவிட்சை இப்போ போடக் கூடாது" என்றார் அக்கா. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத நிலையிலும் அவருக்கு அது முக்கியமாகப் பட்டது. "ஸ்க்ரூ போட்டது ஆரம்பம். சுவிட்சு போட்டாதான் உயிர் வரும். அது பன்னெண்டுக்கு அப்புறம்." முதலாளி ஒரு கணம் யோசித்து, அவர் சொல்வதுதான் சரி என்றார். சற்றுமுன் வேலைக்கு வராதே என்று சொன்ன அதே ஆள்.

அக்கா அதோடு விடவில்லை. புதுக் கார்டுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று குங்குமக் கிண்ணத்தோடு வந்து நின்றார். சிப்பின்மேல் வைக்க முடியாது, மின்சாரம் ஓடும் இடம் என்றேன். அப்படியானால் எங்கே என்றார். வெளியே தெரியும் தகட்டு முனையைக் காட்டினேன். அது கார்டின் முகமா, முதுகா என்று கேட்டார். முகம்தான் என்று சத்தியம் செய்தேன். வைத்தார்.

ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. பூஜையன்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதில் ஸ்டிக்கர் தெரியலாம் என்று தோன்றியது. எந்தப் பண்டிகை வந்தாலும் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். நான் ஒருநாளும் ஒழுங்காகத் திறந்து பார்த்ததில்லை. அன்று திறந்தேன். வாழை இலையில் வெர்னியர் காலிப்பர், ஸ்டேப்லர், எடை மெஷின், தீயணைக்கும் சிலிண்டர், நான் எப்போதோ மறந்துவிட்டுப் போன என் ஸ்க்ரூடிரைவர், நடுவில் நாலு டிஸ்க். எல்லாவற்றுக்கும் பொட்டு. ஸ்டிக்கர் ஏற்கெனவே போயிருந்தது.

அதற்கு முந்தைய படம் ஏதாவது இருக்குமா என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிள்ளையார் சதுர்த்தி, கிருஷ்ண ஜெயந்தி, ஆடிக் கூழ் எல்லாவற்றையும் தாண்டினேன். சித்திரை மாதத்தில் ஒரு படம் இருந்தது. சுவரில் ஒரு பிளக் பாயிண்ட், அதில் என் பேக்கப் டிஸ்க்கின் பிளக். கீழே அக்கா எழுதியிருந்தார்: "சார், சாமி லைட்டுக்கு பாயிண்ட் இல்ல. இந்த பிளக்க எடுத்துடலாமா? ஒண்ணும் ஆகாதே?"

அதற்குக் கீழே என் பதில். ஒரு கட்டைவிரல்.

போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. உடனே எழுந்து போய் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிராயிங் வந்துவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், வராவிட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த 'அப்போது' வந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெட்கத்தோடு டிஸ்க்குகளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். நாலு பொட்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் சந்தனம் கெட்டியாகத் திரண்டு வெடித்திருந்தது. இன்னொன்றில் வெறும் மஞ்சள் கறைதான்.

"அக்கா, இது ஏன் இப்படி?"

"சந்தனம் கொஞ்சம்தான் இருந்துது சார். மொதல்ல வெச்சது கெட்டியா வந்துச்சு. போகப் போகப் பன்னீர் ஊத்தி ஊத்திக் கலக்கினேன். கடைசி ஒண்ணுக்குத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு."

"ஒவ்வொண்ணா எடுத்தீங்களா, மொத்தமாவா?"

"ஒண்ண எடுப்பேன், ஸ்டிக்கரக் கிழிப்பேன், துடைப்பேன், பொட்டு வெப்பேன், இலையில வெப்பேன். அப்புறம் பக்கத்துல இருக்கறது."

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கெட்டியிலிருந்து தண்ணீர் வரை நாலையும் வரிசையாக அடுக்கினேன். கார்டிலிருந்து வரும் கேபிளுக்கு ஒரு பக்கம் ஒரே தலை, மறுபக்கம் நாலு வால். வாலில் எண் போட்டிருக்கும். தலையை 'டக்' என்று சத்தம் வரும்வரை கார்டில் அழுத்திவிட்டு, கெட்டிப் பொட்டு டிஸ்க்கை எடுத்து ஒன்றாம் வாலில் மாட்டப் போனேன்.

"சார், அதை ஏன் ஒண்ணாம் நம்பர்ல போடறீங்க?"

"நீங்கதானேக்கா மொதல்ல வெச்சதுன்னீங்க."

"நான் மொதல்ல வெச்சது. உங்க ஒண்ணாம் நம்பர் ஜன்னல் பக்கம் இல்ல இருந்துது? ஜன்னல் மேற்கு சார். மேற்குலேர்ந்து யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? கிழக்குலேர்ந்துதான் வெச்சேன்."

ஜன்னலைப் பார்த்தேன். மத்தியானம் ஆனால் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று எத்தனையோ முறை நானே அந்தத் திரையை இழுத்து விட்டிருக்கிறேன். அப்படியே தலைகீழாக்கினேன். தண்ணீர்ப் பொட்டு ஒன்று, கெட்டிப் பொட்டு நாலு.

பன்னிரண்டு ஐந்துக்கு முதலாளி கற்பூரம் காட்ட, சுவிட்சைப் போட்டேன். கார்டு கண்விழித்து நாலு டிஸ்க்கையும் எண்ணியது. நான் வரிசையைச் சொல்லிக்கொடுத்து, பழைய கார்டில் இருந்த அளவுகளையே கொடுத்து, எதையும் அழிக்காதே என்ற இடத்தை மூன்று முறை சரிபார்த்து, பட்டனை அழுத்தினேன். திரை கறுப்பாகவே நின்றது. ஒரு லாரி ஹாரன் கேட்டு எல்லோரும் வாசலைப் பார்த்தோம். வேறு யாருடைய லாரியோ. திரும்பிப் பார்க்கும்போது சர்வர் எழுந்திருந்தது. முதலாளி தயிர் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தது. ஊறுகாயும் இருமல் மருந்தும் இருந்தன.

"கைராசிக்காரன் நைனா நீ" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அந்த பிளக்க அக்கா என்னைக் கேட்டுத்தான் எடுத்தாங்க. நான்தான் படிக்காம சரின்னு போட்டுட்டேன். தப்பு என்னுது."

அவர் ஏற்கெனவே தயிர் மூடி லாரிக்காரனுக்குப் போனில் வழி சொல்ல ஆரம்பித்திருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அதான் வந்துட்ச்சில்ல, உடு" என்றார். பாடி மேம்பாலத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மறுபடி போனில் கத்தினார். காலையில் அக்காவிடம் சொன்னது அவருக்கு நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை.

அக்கா ஒரு பொட்டலத்தில் பொரி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்டயும் அந்த மெசேஜ் இருக்குமே, காலையிலேயே காட்டியிருக்கலாமேக்கா" என்றேன்.

"காட்டலாம்னுதான் போனக் கையில எடுத்தேன். உங்களுக்குக் கோவம் வந்தா கை நடுங்குது சார். நடுங்கற கையால டிஸ்க்க மாட்டினா டிஸ்க்கு போயிடும். டிஸ்க்கு போனா என் வேலை போயிடும். அதான் நீங்க முடிக்கட்டும்னு இருந்தேன்." பொட்டலத்தை நூலால் கட்டி என்னிடம் கொடுத்தார்.

பட்டறையெல்லாம் தேடி ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கண்டுபிடித்தேன். சாமி லைட்டை அதற்கு மாற்றி, பேக்கப் பிளக்கை அதன் பழைய இடத்தில் நானே என் கையால் மாட்டினேன். பொரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஐயப்பன்தாங்கலில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. சுவர், பிளக் பாயிண்ட், பேக்கப் பிளக். கீழே: "சார், நீங்க மாட்டிட்டுப் போனது. இது சரியா பாருங்க." கட்டைவிரல் தானாகவே போனது. நிறுத்திக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பிளக்கை மாட்டியிருந்தேன். சுவிட்சைப் போடவில்லை.