தூக்கிவிட்டால் போகும் கை

சென்னையில் நான்கு இடம் ஏறி இறங்கினேன். நான்கில் மூன்றில் என் வலது கையைப் பார்த்து ‘அச்சச்சோ’ என்றார்கள். ஊரிலேயே அது வேண்டிய மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு வர நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறவில்லை.

கை போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர்ப் பக்கம் எனக்கு ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. அப்பா எனக்கென்று பிரித்துக் கொடுத்தது. வீட்டுக்காரர் கேரளாவில் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர்; சனிக்கிழமை மலையிறங்கி வந்து திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவார். ஆகத் தோட்டம் முழுக்க என் பாடுதான். போன மழைக்கு வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்தேன். தோளுக்குள் தசைநார் கிழிந்துவிட்டது. தேனி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்: “யாராவது தூக்கிவிட்டா கை மேல போகும்மா. தானாப் போகாது.” ஆபரேஷன் செய்தாலும் முழுசாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

திராட்சைக்காரிக்கு வேலை எல்லாம் தலைக்கு மேலேதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்ட பந்தல். பழம் வெட்டி முடிந்ததும் கவாத்து வெட்ட வேண்டும். எந்தக் கொடியில் எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பதைக் கொடியைப் பக்கத்தில் பார்த்து, விரலால் தொட்டுத்தான் முடிவு செய்ய முடியும். தப்பாக வெட்டினால் இலைதான் தழைக்கும், பழம் பிடிக்காது. கொடியைப் பிடிக்க ஒரு கை, கத்திரிக்கு ஒரு கை என்று இரண்டும் மேலே போக வேண்டும். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டிருந்த அந்தத் தடவை வெளியாட்களை விட்டு வெட்டினேன். பாதித் தோட்டம் இலையாய்ப் போயிற்று. பந்தலுக்கடியில் நின்று நான் வாய்விட்டு அழுதேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். அவன் தோட்டம் என் தோட்டத்துக்கு அடுத்தது.

“ஆத்தா, பழ யாவாரி கம்பத்து பாய்கிட்டப் பேசிட்டேன். உன் தோட்டத்தக் குத்தகைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. அடுத்த கவாத்துக்குள்ள வந்து பாத்துப் பேசி முடிச்சிருவாக. நீ பேசாம வீட்டுல உக்காரு.”

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. “காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு, நான் எதுக்கு உக்காரணும்?” என்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், “உங்க அண்ணன் சொல்றதும் சரிதான?” என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

தூக்கிவிட்டால் போகும் என்று டாக்டர் சொன்னது மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கிவிட ஆள்தான் வேண்டுமா? இடுப்பு பெல்ட்டில் ஒரு குழாய், குழாய்க்குள் ஸ்பிரிங், அதற்குள் இன்னொரு குழாய், அதன் உச்சியில் முழங்கையைத் தாங்க ஒரு கிண்ணம். அவ்வளவு போதும். நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு சின்னமனூர் லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “யக்கா, இது என்ன, கொசுவுக்கு மருந்தடிக்கிற மிஷினா?” என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை இடுப்பில் மாட்டி, கழற்றி, அறுத்து, மறுபடி மாட்டி, இருபது தடவையாவது பார்க்க வேண்டும். அத்தனை ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க அதைச் செய்ய என்னால் முடியாது.

சென்னையில் இருக்கும் தங்கச்சிதான் போனில் சொன்னாள். “இங்க மேக்கர்ஸ்பேஸ்னு இருக்குக்கா. மிஷினெல்லாம் வச்சிருப்பாங்க. நமக்கு வேண்டியத நாமளே போயிச் செஞ்சுக்கலாம். ஊரு பூரா இருக்கு, எது நல்ல இடம்னுதான் தெரியல.”

தெரியாவிட்டால் போய்ப் பார்த்தால் தெரிகிறது. கிளம்புவதற்கு முன் பந்தலுக்கடியில் நின்று, தரையிலிருந்து கம்பி வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். குலைகள் கன்னத்தில் இடித்தன. அந்த வாரம் வியாபாரியின் ஆட்கள் வந்து பழம் வெட்டிக்கொள்வார்கள். கவாத்துக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

பஸ்ஸில் நோட்டில் கட்டம் போட்டேன். குழாய் அறுக்க மிஷின் உண்டா, சத்தம் போடலாமா, கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்க்க ஓர் அறை உண்டா, கக்கூஸ் உண்டா. சென்னையில் இறங்கியதும் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போறவ மாதிரி லிஸ்ட் போட்டிருக்க” என்றாள்.

முதல் இடம் ஓ.எம்.ஆரில், கண்ணாடிக் கட்டடத்தில். உள்ளே போனதும் குளிர் எலும்பில் இறங்கியது. சுவரில் வண்ண எழுத்து, தரையில் மூட்டை மாதிரி நாற்காலிகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரு தம்பி வந்து நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

“ஐடியா சூப்பர் ஆன்ட்டி. டிசைன் ஃபைல் இருக்கா?”

நான் வலது கையைத் தூக்க முயன்று காட்டினேன். அது இடுப்பளவில் நின்று நடுங்கியது. “இதுதாம்ப்பா ஃபைல்” என்றேன்.

அவ்வளவுதான், அச்சச்சோ ஆரம்பமாகிவிட்டது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நாங்களே பிளாஸ்டிக்கில் செய்து தருகிறோம், நீங்கள் சும்மா உட்காருங்கள், போட்டிக்கு அனுப்பலாம், உங்களை வீடியோ எடுக்க வேண்டும் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரு என்ற சொல்லை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை. வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் ஒரு கல்லூரிக்குள் இருந்தது. வாசலில் செக்யூரிட்டி மறித்து, “யாரப் பாக்கணும்மா?” என்றார். “மிஷினப் பாக்கணும்” என்றேன். ஸ்டூடண்ட் கார்டு கேட்டார். என் தலைநரையைக் காட்டினேன். அவரும் என் கையைப் பார்த்து அச்சச்சோ சொன்னார், ஆனால் விடவில்லை. மூன்றாவது, ஒரு அபார்ட்மெண்டின் கீழ்த்தளம். அச்சச்சோ சொல்லி டீ கொடுத்தார்கள், கதவுள்ள அறை இருந்தது, கக்கூஸ் பளிச்சென்று இருந்தது. ஆனால் வயரும் விளக்கும் ஒட்டுகிற வேலைதான் அங்கே நடக்கும். இரும்பு அறுத்தால் மாடிவீட்டுக்காரர் கீழே இறங்கி வந்துவிடுவாராம்.

நாலாவது இடம் அம்பத்தூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வேகிற வெக்கை. என் கட்டங்களில் பாதிக்குமேல் அங்கே பெருக்கல் குறிதான் விழுந்தது. கக்கூஸுக்கு முனைக்கடை வரைக்கும் நடக்க வேண்டும். பொறுப்பாளர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். முழங்கை வரை கிரீஸ். நோட்டை வாங்கி நேராகப் பிடித்துப் பார்த்தார். கையைப் பார்க்கவே இல்லை.

“ஸ்பிரிங் எவ்ளோ வெயிட் தாங்கணும்?” என்று கேட்டார்.

“என் கை எவ்வளவோ அவ்வளவு.”

“அப்போ கைய வெயிட் போட்டுடலாம்” என்று சொல்லி ஒரு தராசை இழுத்து வைத்தார். என் கையைத் தராசில் கிடத்தினேன். இத்தனை மாதம் சுமந்த கையின் எடை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து டிரில்லிங் மிஷின் முன்னால் என்னைக் குழாயோடு நிறுத்திவிட்டு அவர் விலகிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நான் பண்ண மாட்டேங்க்கா. இங்க யாருக்கும் பண்ணித் தர்றதில்ல. நீங்க பண்ணுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“ஒத்தக் கைக்காரிகிட்ட இப்படிச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?”

“லிவர இழுக்க ஒரு கை போதும்.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இடது கையால் இழுத்தேன். முதல் துளை கோணலாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. அவர் நின்றபடியே இருந்தார். கையை நீட்டவில்லை. மூன்றாவது நேராக விழுந்தபோது என்னை அறியாமல் “அப்படிப் போடு!” என்று கத்திவிட்டேன். மூலையில் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: கருவியை என் கையில் கொடுத்தார்களா? நாலு இடத்தில் ஒன்றுக்குத்தான் டிக் விழுந்தது.

ஒன்பது நாள் போய் வந்தேன். மாட்டிப் பார்க்கும்போது அந்தப் பெண் தார்ப்பாயை இழுத்து மறைத்துக் கட்டிக்கொடுப்பார். பந்தல் உயரத்துக்குக் கொட்டகையில் ஒரு கயிறு கட்டி, அதைக் கை எட்டும்வரை அறுப்பதும் துளைப்பதுமாக இருந்தேன். கடைசி நாள், ஸ்பிரிங்கைப் பூட்டியிருந்த முள்ளை இடது கையால் உருவியதும் ஸ்பிரிங் எழுந்தது. வலது கை தலைக்கு மேலே போய் நின்றது. விரல் கயிற்றைத் தொட்டது.

ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை தோட்டத்துக்குப் போய் மாட்டினேன், முள்ளை உருவினேன். கை மேலே போனது. கம்பி எட்டவில்லை. நாலு விரற்கடை இடைவெளி.

அடி முட்டாளே! பழம் வெட்டியாகிவிட்டது. குலை பாரம் இறங்கினால் பந்தல் மேலே ஏறும். இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை போட்ட எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இருபது வருஷம் பந்தலுக்கடியில் நின்றவள், குலை தொங்கும்போது அளந்துகொண்டு சென்னை வரைக்கும் போயிருக்கிறேன். என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அண்ணனிடமிருந்து போன். “நாளைக்குக் காலைல பாயக் கூட்டியாறேன். அங்கன இரு.”

சென்னைக்குத் திரும்பிப் போக நேரமில்லை. கண்ணாடிக் கட்டடத்தில் அந்தப் பிள்ளைகள் செய்து கொடுத்திருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். நேராக லேத் பட்டறைக்குப் போனேன். சிரித்த அதே ஆட்கள், அதே இடத்தில்.

“ஒரு நீளக் குழாய் குடுங்க. டிரில்லிங் மிஷின அரைமணி நேரம் விடுங்க.”

பட்டறைக்காரர் பதறினார். “யக்கா, விளையாடாதீக. கை போயிரும்.”

“ஒரு கை ஏற்கெனவே போயிருச்சு. தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். அறுத்தேன், துளைத்தேன், அரத்தால் ராவினேன். அத்தனை பேர் முன்னாலும் இடுப்பில் மாட்டிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் அவர்கள் வந்தபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கம்பத்து பாய் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து வெட்டுவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். ஒரு கொடியையும் விடவில்லை.

“கணு தப்பலையேம்மா” என்றார் என்னிடம். பிறகு அண்ணனைப் பார்த்து, “இந்தத் தோட்டத்துக்குக் குத்தகைக்காரன் எதுக்கு? நான் பழம் வாங்க வாறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

அண்ணன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இப்பச் சரி ஆத்தா. நாளப்பின்ன இடது கையும் போச்சுன்னா என்ன செய்வ?”

கத்திரியை நிறுத்தாமல் சொன்னேன்: “அதுக்கும் ஒன்னு செய்வேன்.”