பச்சைகள்மேல் விழுந்த பழி

பிரின்சி, நேற்று நீ என் ஷிப்ட் பையிலிருந்து மிஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, கொத்துப்பட்ட புது லவ் பேர்டுக்குப் போர்த்தப் போனாய். நான் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். அதில் ஊறியிருந்த தின்னர் வாசனை பட்டதும் எனக்கு உன் வயதாகிவிட்டது.

ஓசூரில் எங்கள் லைன் வீட்டில் இரண்டு பச்சை லவ் பேர்ட்ஸ் இருந்தன. அப்பா புதிதாக வாங்கிவந்த நீலத்தை அன்றே அதே கூண்டில் விட்டோம். பச்சைகள் அதன் மண்டையைக் கொத்தி ரத்தமாக்கின.

"குளுர்ல நடுங்குது பாரு, எதாச்சும் போத்தி வைடா" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார். அவர் மிஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் மெத்தென்று இருந்தது. அப்பாவின் வாசனையே தின்னர்தான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நீலத்தை அதில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன்.

சாயங்காலம் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. பெட்டி முழுக்கத் தின்னர் நெடி; அதுதான் கொன்றது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பச்சைங்க கொன்னுபோட்டுச்சுங்க, பாவிங்க" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றேன்.

கோபத்தில் அவர் பச்சைகளைத் திறந்துவிட்டார். கூண்டிலேயே வளர்ந்தவை, எதிர்வீட்டு ஷீட் கூரையைத் தாண்டுவதற்குள் காக்கைகள் பிடித்துவிட்டன. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

"தாத்தாகிட்ட அப்பறமாச்சும் சொன்னியாப்பா?" என்று கேட்பாய். இல்லை, பாப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உன் பறவையைத் தனிக்கூண்டில், துவைத்த துணியில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா, தெரியாது. செத்துப்போனால், எதனால் என்று எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் உன்னிடம் சொல்வேன்.