கேமராவில் பேசியவர்

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் தமிழ்ச்செல்விக்கு. அவள் வீட்டுக்காரர் ஜெயபாண்டி வருடத்தில் பத்து மாதம் ஊரில் இருப்பதில்லை. மகாராஷ்டிராவில் ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறார். ஒரு பொங்கலுக்கு வந்தபோது பட்டாசாலைக் கூடத்தில் கதவுக்கு மேலே ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்தே போனில் வீட்டைப் பார்க்கலாம், பேசலாம், கேமராவின் தலையைத் திருப்பலாம்.

அதன்பிறகு அவர் போன் அடிப்பதே குறைந்துபோனது. சுவரிலிருந்து பேசினார். "தமிழு, மோட்டார எப்ப போட்ட?" "தமிழு, வாசல்ல யாரு?" சோளம் விதைப்பதா, உளுந்தா, எந்த விசேஷத்துக்கு யார் போவது, எல்லாவற்றையும் அவள் அண்ணாந்து கேட்டாள். பதில் வரும்வரை அப்படியே நிற்பாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமையிலிருந்து குரல் கரகரத்தது.

"காய்ச்சலாங்க?" என்றாள்.

"ம்."

அந்த வாரம் பேச்சு குறைவு. ஆனால் கேமராவின் தலை மட்டும் ஓயவில்லை. அவள் அரிசி புடைத்தால் அந்தப் பக்கம் திரும்பியது. மகள் அஸ்வினி தலை சீவினால் இந்தப் பக்கம் திரும்பியது. பட்டப்பகலில், ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், கிர்ரென்று ஒரு மெல்லிய சத்தம்.

செவ்வாய்க்கிழமை சினை ஆட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். குட்டி போடப் பத்து நாள்தான் இருந்தது. தமிழ்ச்செல்வி உள்ளே வந்து அண்ணாந்தாள்.

"வித்துரு" என்றது குரல். விற்றுவிட்டாள்.

மறுநாள் அஸ்வினி நர்சிங் காலேஜ் பாரத்தோடு கிளம்பி நின்றாள். திருப்பரங்குன்றம் போய்க் கொடுக்க வேண்டும்.

"ஏங்க, இன்னைக்குத்தான் கடைசி நாளு. போன வாரம் சரின்னு சொன்னீங்கள்ல, குடுத்துட்டு வந்துரட்டுமா?"

கேமராவின் தலை அஸ்வினி பக்கம் திரும்பி நின்றது.

"வேணாம். வீட்டுல இருக்கட்டும்."

அவள் ஏனென்று கேட்கவில்லை. அஸ்வினி அடுப்படிக்குள் போய் அழுதாள். அந்த வீட்டில் கேமராவுக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"தமிழு, நாந்தான். என் போனு காணாமப் போயி ஆறு நாளாச்சு. ஒன் நம்பரு எனக்கு மனப்பாடமாத் தெரியல. ராம்கி ஊர்லருந்து இன்னைக்குத்தான் வந்தான், அவன்ட்ட இருந்துச்சு." ராம்கி பக்கத்துத் தெருக்காரன், அதே கம்பெனியில் வேலை செய்கிறவன். "அஸ்வினி பாரத்தக் குடுத்துட்டாளா?"

தமிழ்ச்செல்வி கேமராவுக்கு நேர் கீழே நின்றிருந்தாள். தலைக்கு மேலே கிர்ரென்றது. கேமரா அவளை நோக்கிக் குனிந்தது.

"போன்ல யாரு?" என்றது.

ஜெயபாண்டிக்கும் அது கேட்டது. "யாரு தமிழு, வீட்டுக்குள்ள ஆம்பள சத்தம்?"

"நீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கையோடு வந்துவிட்டது.

அன்றைக்கே மகளை அழைத்துக்கொண்டு காலேஜுக்கு ஓடினாள். பாரத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அந்த வருடம் சீட் இல்லை. போனை எடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கம்பெனியில் தமிழ் பேசுகிறவர்கள் முப்பது பேர்.

ஆவணியில் ஜெயபாண்டி வந்தார். "என் கொரலுகூடவா ஒனக்கு அடையாளம் தெரியல?" என்று கோபமாகத்தான் கேட்டார்.

"அந்த ஆளு என்னையத் தமிழுன்னு ஒருதடவகூடக் கூப்புடல. அதுலயே நான் சுதாரிச்சிருக்கணும்" என்றாள். "ஆனா வேணாம்னு சொல்லுச்சு பாருங்க, அது அப்புடியே நீங்கதான்."

அவர் சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினார்.

மறுவருடம் அஸ்வினிக்கு அதே காலேஜில் சீட் கிடைத்தது. ஹாஸ்டலில் விடலாம் என்றார் அவர். பஸ்ஸில் போய்வரட்டும் என்றாள் அவள். நாலு நாள் போனிலேயே சண்டை. கடைசியில் பஸ் என்று முடிவானது.

இப்போதெல்லாம் அவர் போன் அடித்தால் முதலில் அவள் ஏதாவது ஒன்று கேட்கிறாள். அஸ்வினி எந்தக் கிழமை பொறந்தா? எங்க அப்பன் செத்தன்னைக்கு நீங்க எந்த பஸ்ல வந்தீங்க? அவர் சலிக்காமல் சொல்கிறார். பிறகுதான் வீட்டு விஷயம். சில நாள், சரியான பதில் வந்த பிறகும், இன்னொன்று கேட்கிறாள்.