வெறும் டப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, சுற்றுச்சூழல் பற்றி முதுகலை படிக்கப் போன முட்டாள். கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பி வந்த ஓர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தின்ன ஒன்றும் இல்லை என்பதற்காக ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தவன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

வட ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரம். நான் தங்கியிருந்த மாணவர் விடுதியில் எதையும் வீணாக்கக் கூடாது என்பது சட்டம். குப்பைக்கே ஐந்து தொட்டிகள். ஒரு தேநீர்ப் பையைத் தூக்கிப் போடுவதற்குள் தூள் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை நடத்த வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பேச ஆள் இல்லை. மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் முடிக்கும் வேலையை நான் கால் மணி நேரம் இழுப்பேன். குப்பை கொட்ட வருகிற யாராவது ஒரு ஹலோ சொல்ல மாட்டார்களா என்றுதான்.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடியில் இருக்கிறது. படிக்க இடம் கேட்டு எழுதிய கட்டுரையில், எங்கள் ஊரில் எதுவும் வீணாவதில்லை என்று உருகி உருகி எழுதியிருந்தேன். அம்மா எண்ணெய் பாக்கெட்டைக் கொளுத்தித்தான் வெந்நீர் அடுப்பைப் பற்றவைப்பாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

குளிர்காலம் வந்ததும் மூன்றரை மணிக்கே இருட்டியது. ஓர் ஆளுக்குச் சோறாக்க எனக்குத் தெரியாது. நாலு பேருக்கு ஆக்கி, அதை நாலு நாள் தின்றேன். ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன்.

“தையோட வந்துர்றேன்மா. படிப்பு வேணாம்.”

“வந்து என்னா பண்ணுவ?”

“மாட்டப் பாத்துக்கறேன்.”

“மாடுதான் உன்னப் பாத்துக்கும்.” பிறகு அவளே கேட்டாள். “கூட உக்காந்து சோறு திங்க ஒரு ஆளு கூடவா இல்ல?”

“இல்ல.”

“மார்கழி முடியட்டும். அதுக்குள்ள ஒருத்தரும் சிக்கலைன்னா டிக்கெட்டு போடு.”

விடுதியின் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரி உண்டு. மிஞ்சிய சாப்பாட்டை அதில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் அதில் ஒரு கண்ணாடி டப்பா நிறையப் பருப்பு சூப் இருந்தது. டப்பாவைப் பதினாலாம் அறை வாசலில் வைக்கவும் என்று ஒரு துண்டுச் சீட்டு. பதினாலாம் அறைக்காரன் என் மாடியிலேயே மூன்று கதவு தள்ளி இருந்தான். நெட்டையன், எந்நேரமும் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பான். மூன்று மாதமாகத் தலையாட்டலோடு சரி. சூப்பில் உப்பே இல்லை. ஆனாலும் இன்னொருவர் கை பட்ட சமையல். வழித்து நக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

“கழுவி வெறும் டப்பாவையா குடுக்கப் போற? நம்ம வூட்டுல அப்பிடிப் பழக்கம் உண்டா?”

இல்லைதான். இன்னொரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுமனே திருப்ப மாட்டோம். ஒன்றுமில்லை என்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அவர்கள் அடுத்த முறை எதையாவது போட்டு அனுப்புவார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்பதே மறந்துபோகும்.

அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில் சோறு கிளறி, டப்பாவை நிரப்பி அவன் வாசலில் வைத்தேன். பதில் இல்லை. சரி, அது அவன் டப்பா, அவனிடமே இருக்கிறது, எப்படித் திருப்பி அனுப்புவான் என்று சமாதானம் செய்துகொண்டு, அம்மா பெயர் வெட்டிய என் எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சைச் சோறு போட்டு, என் அறை எண்ணை எழுதி ஒட்டி அவன் வாசலில் வைத்தேன். மறுநாள் அது என் வாசலுக்கு வந்தது. முதல் பத்தியில் சொன்னேனே, அந்தக் கூத்து அன்றுதான். உள்ளே ஒரு சீட்டு மட்டும் இருந்தது: நன்றி.

“ஒரு கை சக்கர கூடவா போடல?”

“இல்லம்மா.”

“சக்கர தீந்திருக்கும். மறுக்கா குடு.”

மறுபடியும் கொடுத்தேன். ஐந்து முறை. ஐந்து முறையும் வெறும் டப்பாதான் வந்தது, ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சுத்தமாக. மார்கழியும் பாதி போய்விட்டது.

ஒரு மத்தியானம் அலமாரியைத் திறந்தேன். என் எலுமிச்சைச் சோறு ஒரு ஜாடிக்குள் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: துணிந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மிகவும் காரம். யாரும் துணியவில்லை. அங்கேயே நின்றபடி நானே தின்று முடித்தேன். சட்டப்படி வீணாக்கக் கூடாதே. கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு போய் அவன் கதவைத் தட்டினேன். அந்த ஊரில் நான் தட்டிய முதல் கதவு அது. கையில் சைக்கிள் சங்கிலியோடு திறந்தான்.

“என் சோற்றையெல்லாம் அலமாரியிலா வைத்தாய்?”

“ஆமாம். நீ அளவு தெரியாமல் சமைத்துவிடுகிறாய் என்று நினைத்தேன். வீணாகக் கூடாதே என்று உதவி செய்தேன்.”

“மிஞ்சியது இல்லை. உனக்காகச் சமைத்தேன்.”

ஆங்கிலத்தில் சொன்னபோது அது பெண் கேட்க வந்தவன் பேச்சைப் போல ஒலித்தது. அவன் அரை அடி பின்னால் போனான்.

“ஏன்?”

“தனியாகச் சாப்பிட முடியவில்லை.”

அதை அதுவரை அம்மாவிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அவன் சங்கிலியைக் கீழே வைத்தான், கையைத் துடைத்தான், போனை எடுத்துக் காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனான். எனக்குத் தெரிந்து ஒரு வாரம் தள்ளினான், இன்னொரு வாரம், இன்னும் கொஞ்சம்.

“பதினெட்டு நாள் கழித்து. வியாழக்கிழமை, ஏழு மணி. மிளகாய் பாதி போதும்.” சொல்லிக்கொண்டே அதில் குறித்தும் வைத்தான்.

அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். பொங்கல் தாண்டித்தான் வந்தது அந்த வியாழக்கிழமை. அதுவரைக்கும் நானும் ஐந்து தொட்டிகளும்தான். பொங்கலைக்கூட ஓர் ஆளுக்குத்தான் வைக்க வேண்டும், அதாவது நாலு பேருக்கு வைத்து நாலு நாள். அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள் போலிருக்கிறது, பொம்மிடி, பொம்மிடி என்று யாரோ ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தன் சிக்கியிருக்கான்மா. ஆனா மார்கழி முடிஞ்சு அஞ்சாறு நாள் தள்ளித்தான் சாப்பிட வர்றானாம். நீ சொன்ன கணக்குல வருமா வராதா? இங்க டிக்கெட்டும் பாத்து வெச்சிருக்கேன்.”

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை.

“எழுதி வெச்சிக்கிட்டானா?”

“எழுதிக்கிட்டான்.”

“அப்ப டிக்கெட்டு போடாத.”