காருக்கு இரண்டு பேர்

மரிவோன் லெக்வாந்த் எங்கள் காவலர் சங்கத்தின் செயலாளர். வட பிரான்சில், எங்கள் துறைமுக ஊரில் பல வருடம் ரோந்துக் கார் ஓட்டியவள். ஒரு குடிகாரன் பாட்டிலால் அவள் மூக்கை உடைத்தான். இன்னொருவன் நெற்றியால் முட்டி மறுபடி உடைத்தான். இரண்டு முறையும் அவள் தனியாகத்தான் போயிருந்தாள்.

அதனால் காருக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சங்கம் கேட்டது. கமிஷனர் மறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு காலை, நிலைய முற்றத்தில் எங்கள் எதிர்ப்பைக் காட்ட எல்லோரும் கைவிலங்குகளை அவர் காலடியில் எறிந்தோம்.

"சர்க்கஸ் முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"எங்க சார் முடியும்? கோமாளி இப்பதானே வாயத் திறக்குறாரு" என்றாள் மரிவோன்.

அப்போதுதான் அழைப்பு வந்தது. மீன்சந்தைத் தெருவில் ஒருவன் மனைவியைச் சுத்தியலால் அடிக்கிறான். அந்தப் பகுதிக்கு அன்று மரிவோன் மட்டும்தான். மூக்கு உடைந்த பிறகு, விதியை மீறி அவளோடு போய்வந்த என்னை அந்த வாரம்தான் நிலைய வாசல் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். கையில் கிடைத்த விலங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"தனியாப் போகாத, மரிவோன்!" என்று கத்தினேன்.

"அங்க ஒருத்தி சாகுறாடா. சங்கத்த அப்புறம் பாக்கலாம்."

வாசலை விட்டுவிட்டு வேறு காரில் நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த மனைவி தப்பித் தெருவுக்கு வந்திருந்தாள். மரிவோன் மாடிப்படியில் மண்டை உடைந்து கிடந்தாள். ஆனாலும் அந்தக் கணவனின் கணுக்காலை அவள் விடவில்லை. அவளுடைய விரல்களை அவன் சுத்தியலால் நொறுக்கிக்கொண்டிருந்தான். என் தடியால் அவன் முழங்கையை உடைத்தேன்.

மரிவோனின் அடக்கத்துக்குக் கமிஷனர் அவளுக்கான பதக்கத்தோடு வந்தார். நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம். மறுநாள் யாரும் தனியாகக் காரில் ஏறவில்லை. மதியத்துக்குள் காருக்கு இரண்டு பேர் என்ற உத்தரவு வந்துவிட்டது; என்னையும் மறுபடி காருக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த ஒருத்தி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளம்பலாமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.